பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து

ஒரு வால்வு என்னிடம் இருந்தது.
ஃபிரீடெக் குப்பைக் கிடங்கில்
முகம் உடைந்து கிடந்த டிவிக்குள்
கைவிட்டுப் பிடுங்கியது.
இன்னொன்று வேண்டும்:
இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று.

அதே எண், அதே ஆலை முத்திரை.
ஆஸ்ட்ராவா முழுக்க அலைந்த பிறகு
எனக்குத் தெரிந்தது ஒரே இடம்,
விவாகரத்தில் ஸ்டிபோர் கொண்டுபோன டிவி.
எனக்குச் சாப்பாட்டு மேசை, அவனுக்கு அது.
நீதிமன்றத் தாளில் வரிசை எண் ஒன்பது.

போன் செய்தேன். படம் வருகிறதா என்றேன்.
வரும்போல, என்றான்,
ஏழு வருஷமாக அதன்மேல் செருப்பு வைக்கிறேன்.

ஐந்து மாடி. லிஃப்ட் இல்லை.
மரப்பெட்டியோடு தூக்கி வந்துவிட்டான்.
வால்வு மட்டும் போதுமென்றுதான் சொன்னேன்.
எது வால்வு என்று எனக்கென்ன தெரியும் என்றான்,
உருட்டாலையில் முப்பது வருஷம்
பழுத்த இரும்போடு கிடந்தவன்.

பின்மூடியைக் கழற்றினேன்.
தூசி. ஒரு செத்த அந்துப்பூச்சி.
உச்சந்தலையில் கம்பி மாட்டிய
அந்தத் தடித்த கண்ணாடி.
உள்சுவரின் வெள்ளிப்பூச்சு வெளுக்கவில்லை,
காற்றுப் புகவில்லை.

இதன் வேலை கோடு இழுப்பது.
இடமிருந்து வலம் ஒன்று, திரும்பி வந்து இன்னொன்று,
நொடிக்குப் பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து.
செய்தி வாசித்தவரின் கழுத்துப்பட்டையும்
பனிச்சறுக்கில் ஒருவன் குப்புற விழுந்ததும்
எல்லாம் அந்தக் கோடுகள்தான்.
இழுக்கும்போது பெட்டி கீச்சிடும்,
ஊசிமுனை அளவு.
எனக்குக் கேட்கும். அவனுக்குக் கேட்காது.

எங்கள் சண்டையில் பாதி இவ்வளவுதான்.
அணை என்பேன்.
படம்தானே ஓடுகிறது என்பான்.
அந்தச் சத்தத்தை என்பேன்.
சத்தமே இல்லை, உன் மண்டைக்குள் என்பான்.
ஒருமுறை அவன் அக்கா
டாக்டர் ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தாள்.

பிடுங்குமுன் கடைசியாக ஒருமுறை
போட்டுப் பார்க்கலாம் என்றேன்.
இழைகள் மெல்லச் சிவந்தன.
திரை முழுக்க வெள்ளைப் பொறி.
பொறி தெரிந்தால் கோடு ஓடுகிறது,
கோடு ஓடினால் கீச்சு இருந்தே தீரும்.
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
கேட்கிறதா?

எனக்கு ஐம்பத்து நான்கு வயது.
ஒன்றுமே கேட்கவில்லை.

கேட்கிறது என்றேன்.

தலையாட்டினான். அணைத்தான்.
மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வந்து
தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான்.

ஆம்ப்ளிஃபயர் தயாராகத்தான் இருந்தது.
டிராம் டிப்போவின் பழைய ஃப்யூஸ் பெட்டி மூடி,
அதன்மேல் நானே சுற்றிய இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்.
குப்பையிலிருந்து ஒன்று, வழக்கிலிருந்து ஒன்று,
பக்கத்துப் பக்கத்தில் நட்டேன்.
சுரங்கத் தொழிலாளர் பித்தளை வாத்தியக் குழு,
கீறல் விழுந்த தட்டு.
கோடு இழுத்துப் பழகிய கண்ணாடி
டூபாவின் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அவன் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கை வைத்தான்.
உறுமுகிறது, இடது பக்கம்.
இல்லவே இல்லை என்றேன்.
இருக்கிறது.
இல்லை, உனக்குத்தான், என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
என் கையைப் பிடித்து அவன் வைக்கவில்லை.
தன் கையை நகர்த்தி இடம் விட்டான்.

இருந்தது.

அணைத்தேன். கெபாசிட்டர் வடியும்வரை
தொடக்கூடாது, இருநூற்றைம்பது வோல்ட்.
அந்த நிமிஷம் இருவரும் பேசவில்லை.
எர்த் கம்பியின் ஈயம் பல்லிளித்துக் கிடந்தது.
பற்றவைத்தேன். மறுபடி போட்டேன்.
அவன் கையை வைத்துப் பார்த்து
ம் என்றான்.

காலிப் பெட்டியை முயல்களுக்கு எடுத்துக்கொண்டான்.
படக்குழாயை நான் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
மரம் சுவரில் மோதி, அவன் திட்டியது
மேலே வரை வந்தது.